வாயில் நின்ற தண்ணீர்

நெல்லிக்கொல்லைக்குப் போய் சின்னராஜ் வீடு எது என்று கேட்டால், எந்தச் சின்னராஜ் என்று திருப்பிக் கேட்பார்கள். டேங்க் சின்னராஜ் என்றால் உடனே கையை நீட்டுவார்கள். அந்தக் கை அவர் வீட்டுப் பக்கம் நீளாது. மேட்டின் மேல் நான்கு கால்களில் நிற்கிற தண்ணீர்த் தொட்டியைத்தான் காட்டும். அவரை அங்கேதான் பார்க்க முடியும்.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ ஏறும் மட்டும் ஏறி, மீதியை நடந்து சேர வேண்டிய ஊர் அது. எல்லோருக்கும் சாமைக் கொல்லை உண்டு, பாதிப் பேருக்குப் புளியமரம் உண்டு. சின்னராஜுக்கும் இரண்டும் உண்டு. அதற்கு மேல் அவருக்கு ஒரு மோட்டார் அறைச் சாவியும் உண்டு. காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது, வால்வைத் திறந்து தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் விடுவது, குறித்த நாளில் தொட்டியைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை.

தொட்டி கட்டிய புதிதில் அந்தத் தண்ணீரை ஊரில் யாரும் குடிக்கவில்லை. பவுடர் வாடையை ஆஸ்பத்திரி நாற்றம் என்றார்கள். குடத்தில் பிடித்துப் போய் மாட்டுக்கு வைத்தார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது என்று ஒருத்தி சொன்னாள். மறுநாள் முழு ஊரும் அதைச் சொன்னது. சரிவுக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது. அங்கே தண்ணீர் சில்லென்று இருக்கும், வாடை கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் மேட்டில் உள்ள ஆட்டுப்பட்டிகளைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் நேராக அதில்தான் இறங்கும். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊரில் வாந்திபேதி வந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அதை மாரியாத்தாளின் கோபம் என்று சொல்லிக் கூழ் ஊற்றினார்கள்.

அப்போது சின்னராஜ் இளவயதுக்காரர். யாரிடமும் வாதாடவில்லை. தினமும் குழாயடியில் நின்று, தண்ணீர் எடுக்க வராத பெண்கள் அந்த வழியாக ஊற்றுக்குப் போகிற நேரம் பார்த்து, ஒரு டம்ளர் பிடித்து அண்ணாந்து குடித்தார். மழைக்காலம் வந்தது. ஊரில் வாந்திபேதி வந்தது, அவருக்கு வரவில்லை. மெல்ல மெல்லக் குடங்கள் குழாயடிக்கு வந்தன. அது அப்படியே வழக்கமாகிவிட்டது. தொட்டியைக் கழுவும் நாளில் ஊர் குழாயடியில் கூடும். ஊருக்குத் தலைவரான கவுண்டர் குழாயைத் திறப்பார். முதல் டம்ளரை டேங்க்காரர் குடிப்பார். அவர் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் பெண்கள் குடம் வைப்பார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் தவறியதில்லை.

பிறகு அவருக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. வேலூருக்குப் போனார்கள், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன என்றார்கள். மனைவி தேவயானியின் ரத்தம் பொருந்தவில்லை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த அக்கா சாந்தம்மாளின் ரத்தம் பொருந்தியது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னபோது சாந்தம்மாள் யோசிக்கவே இல்லை.

“சாமி எத்தயும் ரெண்டு ரெண்டாத்தான் குடுத்துக்கிறான். ஒண்ணு எனுக்கு, ஒண்ணு இவனுக்குன்னு நெனைச்சித்தான் குடுத்துருப்பான். வாங்கிக்கினு போங்க.”

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. வார்டை விட்டு அனுப்பும் நாளில் நர்சம்மா அவரை உட்கார வைத்துப் பேசினார். வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட்டுவிடும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவரைப் படுக்க வைக்கும். புதுச் சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

“எங்க ஊர்ல நான்தாங்க சிஸ்டர் தண்ணி வுடறேன். பவுடர் கலந்துதான் வுடறேன்” என்றார் சின்னராஜ்.

“கலந்து விடுங்க. ஊருக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. இந்த ஆஸ்பத்திரி தண்ணியும் உங்களுக்கு ஆகாது, என் வீட்டுத் தண்ணியும் ஆகாது. குறை தண்ணியில இல்லைங்க. உங்க மாத்திரை அப்படி.”

காய்ச்ச முடியாத இடத்தில் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நர்சம்மா ஒரு குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த பேனா அளவு நீலக் குழாய். ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். உள்ளே நூல்நூலாக ஏதோ இருக்கிறது, அது கிருமியைப் பிடித்து நிறுத்திவிடும். வெளியே போகும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சின்னராஜ் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மலை ஏறினார்.

அவர் ஊரில் இல்லாத காலத்தில் டேங்க் வேலையை அருள்மணி பார்த்தான். கெட்ட பையன் இல்லை. எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்தான், அதுதான் கோளாறு. வாடை அடிக்கிறது என்று பெண்கள் சொன்னதும் பவுடரைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். தொட்டியைக் கழுவவில்லை. ஒருநாள் குழாயில் பல்லியின் வால் வந்தது. அதோடு ஊர் முழுவதும் ஊற்றுக்குப் போனது. அது மழைக்காலம். வாந்திபேதி வந்தது. பலரைத் தூளியில் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு ஓடினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், அருணாவின் கைக்குழந்தையைத் தவிர.

அருணா, சின்னராஜுக்கு அண்ணன் முறை ஆகிறவரின் மகள். அவள் புருஷன் கலையரசன். குழந்தை போனது பல்லி விழுந்த தொட்டித் தண்ணீரால்தான் என்று ஊர் முடிவு செய்தது. அவர்கள் அப்போது ஊற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பி வந்த சின்னராஜ் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை. குழந்தைக்கு அந்தத் தண்ணீரை மொண்டு வந்து கொடுத்தவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சின்னராஜ் வந்துவிட்டார் என்றதும் ஊர் குழாயடிக்குத் திரும்பியது. வந்த வாரமே அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. தேவயானி அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாத்துக்குக் காச்சற? தண்ணில எதுனா கெடக்குதா? தொட்டிக்காரர் வூட்லயே காச்சறீங்களே?”

“குளுருக்குத்தான்டி” என்றாள் தேவயானி.

உள்ளே படுத்திருந்த சின்னராஜ் கழுத்துக் குழாயைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். காய்ச்சுவதற்குக் குளிரைச் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? தண்ணீர் விடுகிறவனே வடிகட்டிக் குடிக்கிறான் என்றால் ஊர் மறுபடி ஊற்றுக்கு இறங்கிவிடும். நர்சம்மா சொன்னதை இவர்களுக்குச் சொல்லலாம்தான். நோயாளிக்கு ஆகாத தண்ணீர் குழந்தைக்கு ஆகுமா என்று கேட்பார்கள். கேட்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அன்றிலிருந்து அவர் ஒளிந்து குடித்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன வெந்நீர் பாதி நாளிலேயே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் விறகு நனைந்து கிடந்தால் அதுவும் இல்லை. அப்போது குழாயடியில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போவார், கதவைச் சாத்திக்கொள்வார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஓர் ஆள் குந்தத்தான் இடம். கிரீஸ் வாடையும் மோட்டார் சூடும் முகத்தில் அடிக்கும். நீலக் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு உறிஞ்சுவார். முதல் இழுப்பு வராது, கன்னம் ஒட்டிப்போகும் மட்டும் இழுக்க வேண்டும். வெளியே யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால் நிறுத்திவிடுவார். சத்தம் போன பிறகு மறுபடி இழுப்பார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறவர் போல வெளியே வருவார்.

கல்யாணத்துக்குப் போனால் கஷ்டம். வாசலில் சொம்பு நீட்டுவார்கள். வாங்காமல் இருந்தால் மரியாதைக் குறைவு. மாத்திரை போட்டிருக்கிறேன், இப்போது குடிக்கக் கூடாது என்பார். ஒரு வீட்டில் அது செல்லும், அடுத்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். நிறையக் குடிக்க வேண்டியவர் நாவறண்டு வீடு திரும்புவார். அதனால் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்தார், சந்தைக்குப் போவதையும் குறைத்தார்.

தொட்டி கழுவும் நாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கவுண்டர் நீட்டும் டம்ளரை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். பாதியைத் தாடை வழியாக ஓட விடுவார். மீதியை வாய்க்குள் நிறுத்திக்கொள்வார். தொண்டை மேலும் கீழும் அசைவது போலக் காட்டவும் பழகிக்கொண்டார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போகிறவர் போல அறைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு, இடுப்பில் செருகிய வெந்நீர் பாட்டிலால் வாயைக் கொப்பளிப்பார். முதல் தடவை நடந்தது. அடுத்த தடவையும் நடந்தது. அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷம் ஒரு தடவை அறைக்குப் பின்னால் சாந்தம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். துப்பியதைப் பார்த்தாள். சாயங்காலம் அரிவாளும் கையுமாகவே வீட்டுக்கு வந்தாள்.

“ஊர ஏமாத்தறியான்னு நான் கேக்கல. ஒரு சொட்டு உள்ள எறங்கிச்சின்னா இன்னா பண்ணுவ?”

“எறங்காதுக்கா.”

“இன்னா எறங்காது? வாய்ன்னா வால்வா, திருகி மூட? எங்கிட்ட இன்னொண்ணு இல்லடா குடுக்க. நான் சாவணும்னா சொல்லு, அதயும் தர்றேன்.”

“இன்னா பேச்சு பேசற நீ.”

“டேங்க வுட்டுட்டு வா. அருள்மணி பாத்துக்கட்டும்.”

“அருள்மணி பாத்துதான் பாத்தமே” என்றார் சின்னராஜ்.

சாந்தம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். அருணாவின் குழந்தையைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஊற்றுக்குப் போகும் சரிவில் செம்மண் கரைந்து ஓடியது. மழை சற்று ஓய்ந்த ஒரு நாளில் தொட்டியைக் கழுவினார்கள். உள்ளே இறங்கித் தேய்ப்பதைச் சின்னராஜ் விட்டுவிட்டார், கலையரசன் இறங்கினான். சின்னராஜ் ஏணியில் நின்று மூலை மூலையாகக் காட்டித் தேய்க்க வைத்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பவுடரைக் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றினார். மோட்டாரைப் போட்டு நிரப்பினார். மருந்து வேலை செய்ய விட வேண்டிய நேரம் விட்டார். தெருவுக்கு இறங்கும் தண்ணீரை ஈடுகட்ட வழக்கம்போல மோட்டாரை மறுபடி போட்டார். எதிலும் குறை வைக்கவில்லை. ஊர் குழாயடியில் கூடியது. அருணா எல்லோருக்கும் முன்னால் குடத்தோடு நின்றாள். இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தை, பேச்சு வந்துவிட்டது, அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் நின்றது.

சின்னராஜுக்கு அது உறைக்கவில்லை. கவுண்டர் கோபால்சாமி குழாயைத் திறந்து, டம்ளரை அலசிப் பிடித்து நீட்டினார். சின்னராஜ் வாங்கினார், அண்ணாந்தார், ஊற்றினார், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அருணா குடத்தைக் குழாயின் கீழ் வைத்தாள். சின்னராஜ் மோட்டார் அறைப் பக்கம் திரும்பினார்.

“எங்க மாமா போற?” என்றான் கலையரசன். “கரண்ட்டே இல்ல. எத்தப் போய் நிறுத்தப் போற?”

சின்னராஜ் அறையைக் கையால் காட்டினார்.

“இன்னா கையக் காட்ற? நான் உள்ள எறங்கி முதுகு ஒடியத் தேச்சிட்டு வந்துக்கிறேன். தண்ணி எப்படிக்கீதுன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

சின்னராஜ் தலையை ஆட்டினார்.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரித் தலைய ஆட்றாரு பாரு. பொண்ணு புடிச்சிருக்குதா மாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். கவுண்டரும் சிரித்தார். சின்னராஜ் சிரிக்க முடியாது. கண்ணை மட்டும் சிரிப்பது போல் வைத்துக்கொண்டார். தண்ணீர் வாய்க்குள் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. பற்களுக்குப் பின்னால் எச்சில் ஊறி ஊறிச் சேர்ந்தது. மூக்கால் மூச்சு விட்டார். ஓர் அடி எடுத்து வைத்தார்.

“சித்தப்பா” என்றாள் அருணா. அவள் சிரிக்கவில்லை. “கன்னம் இன்னாத்துக்கு உப்பிக்கீது?”

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் சாந்தம்மாள் இருந்தாள். அவள் கை தானாகவே இடுப்பின் பக்கவாட்டில், தையல் போட்ட இடத்தில், போய் நின்றதைப் பார்த்தார். விழுங்கினால் அவளுக்குத் துரோகம். துப்பினால் இவர்களுக்கு. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அருணாவின் குடம் பாதி நிரம்பியிருந்தது.

துப்பினார்.

காலடியில் சேற்றில் அந்தத் தண்ணீர் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அருணா குனிந்து குடத்தைத் தூக்கி, அவர் துப்பிய இடத்திலேயே கவிழ்த்தாள்.

“தெரிஞ்சிக்கினே எங்களுக்கு ஊத்தறியா?” என்றாள்.

சின்னராஜ் சட்டைக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்து, நீலக் குழாயை வெளியே எடுத்தார். சொன்னார். மாத்திரையைச் சொன்னார், நர்சம்மா சொன்னதைச் சொன்னார், மோட்டார் அறையில் ஒளிந்து குடித்ததைச் சொன்னார். கவுண்டர் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்த ஏன்டா மறச்ச?”

“இப்ப நீங்க நெனைக்கறத நெனைப்பீங்கன்னுதான், கவுண்டரே.”

“ஆஸ்பத்திரில வேணான்னு சொன்ன தண்ணி எம்புள்ளைக்கு ஆவுமா?” என்றாள் அருணா.

“புள்ளைக்கு ஆவும், ஒனுக்கும் ஆவும். எனுக்கு மட்டுந்தான் ஆவாது. கோளாறு என் ஒடம்புல.”

“ஒடம்பு சரியில்லாத பெரியவருக்கே விஷம்னா, வாய் பேசத் தெரியாத புள்ளைங்களுக்கு இன்னா?”

பின்னால் நின்றவர்கள் குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அருணா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவுப் பக்கம் நடந்தாள். இரண்டு மூன்று பேர் அவள் பின்னால் போனார்கள். சின்னராஜ் ஓடிப்போய் வழியை மறித்தார்.

“ஊத்துக்குப் போவாத அருணா.”

“போனா?”

சின்னராஜ் சரிவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

“போனா இன்னா ஆவும், சொல்லு சித்தப்பா. அன்னிக்கி ஊத்துத் தண்ணிய நான் மொண்டு குடுத்துத்தான் எம்புள்ள போச்சின்னு சொல்லு. ஊர்ல எவனுக்கும் தைரியம் இல்ல, நீயாச்சும் சொல்லு.”

கலையரசன் தலை குனிந்துகொண்டான். அவளுக்கும் தெரியும் என்பது சின்னராஜுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அவள் பல்லி என்றும் தொட்டி என்றும் சொல்லிக்கொண்டிருந்தது தெரியாமல் அல்ல.

“நான் அப்டிச் சொல்லலம்மா” என்றார்.

அருணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள்.

“அப்போ அத்தக் குடு. எம்புள்ள அதுல குடிக்கட்டும்.”

இன்னொருவர் வாயில் வைக்க இதைக் கொடுக்கவே கூடாது என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மற்றவர் எச்சில் பட்டால் அப்புறம் அது அவருக்கு உதவாது. கொடுக்காவிட்டால் நல்ல தண்ணீரை இவர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார் என்று ஆகிவிடும். குழாயைக் கையில் வைத்திருந்த கவுண்டர் அவர் முகத்தைப் பார்த்தார். சின்னராஜ் கயிற்றோடு எடுத்துக்கொள் என்பது போலக் கையை அசைத்தார்.

ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குழந்தையை உறிஞ்ச வைத்தார்கள். முதலில் வரவில்லை. கலையரசன் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினான். குழந்தை மறுபடி இழுத்தது. விழுங்கியது.

“இன்னா மாதிரிக்கீது கண்ணு? இனிக்குதா?”

குழந்தை அம்மாவைப் பார்த்தது. “டேங்க் தண்ணி” என்றது.

அருணா வாங்கி உறிஞ்சினாள். நாக்கைச் சப்பிப் பார்த்தாள். கலையரசன் வாங்கினான். “அட, பவுடர் நாத்தம் அப்டியே கீது!” என்றான். குழாய் கைமாறியது. ஒவ்வொருவராக வாய் வைத்து இழுத்தார்கள், குழாயடியில் பிடித்ததை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு இதையும் அதையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் கவுண்டர் துண்டால் முனையைத் துடைத்துவிட்டு உறிஞ்சினார்.

“ஒரே தண்ணிடா இது” என்றார். “துளி வித்தியாசம் இல்ல.”

“இதுக்கா மாமா இருட்டு ரூம்ல பூந்து பூந்து குடிச்ச? அத்த நேரம் படுத்துத் தூங்கிருக்கலாம்” என்றான் கலையரசன். சிரிப்பு திரும்பி வந்தது.

சின்னராஜ் வாயைத் திறந்தார். கிருமிக்கு ருசி கிடையாது, அந்தக் குழாய் கிருமியைத்தான் நிறுத்தும், பவுடர் வாடையை நிறுத்தாது. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அவர்கள் புரிந்துகொள்ளவும் கூடும். புரிந்துகொண்டால், அப்போது தொட்டித் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்பதுதான் முதலில் புரியும். பெண்கள் சரிவிலிருந்து குழாயடிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அருணா குடத்தை மறுபடி கீழே வைத்திருந்தாள். ஆனால் குழாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னராஜ் வாயை மூடிக்கொண்டார்.

கவுண்டர் டம்ளரை மறுபடி பிடித்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிப்போச்சி. இனிமே ஒனுக்கு இன்னா பயம்? முழுங்கு.”

“டேய்” என்றது சாந்தம்மாளின் குரல். அவளும் அருணாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அவர் அண்ணாந்து ஊற்றவில்லை. டம்ளரில் வாய் வைத்து, எல்லோரும் பார்க்க, மெல்லக் குடித்தார். அது அவர் கழுவ வைத்த தொட்டி, அவர் கரைத்த மருந்து. அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள அவரிடம் வேறு எதுவும் இல்லை. வாயைத் திறந்து காட்டினார். கலையரசன் எட்டிப் பார்த்து, “ஒண்ணும் இல்ல, பல்லுதான் கீது, அதுவும் கொஞ்சந்தான்” என்றான்.

அருணா குழாயைத் திறந்தாள். சின்னராஜ் நிமிர்ந்து பார்த்தபோது சாந்தம்மாள் அங்கே இல்லை.

அன்றிலிருந்து அவள் தம்பியிடம் பேசுவதில்லை. ஆனால் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் வீட்டு வாசலில் நிற்பாள். தேவயானியிடம் கேட்பாள்.

“சுடுதா?”

தேவயானி உள்ளே போய்ப் புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். “இல்ல அண்ணி.”

சாந்தம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

காய்ச்சல் வரவில்லை. வயிறு கெடவில்லை. சென்னைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டபோதும் எல்லாம் சரியாக இருந்தது. குழாய் கெட்டுவிட்டது, இன்னொன்று கிடைக்குமா என்று நர்சம்மாவிடம் கேட்டார். எப்படிக் கெட்டது என்று நர்சம்மா கேட்டார். எச்சில் பட்டுவிட்டது என்றார். யார் எச்சில் என்று கேட்டதற்கு, ஊர் எச்சில் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தால் எடுத்து வைக்கிறேன், அதுவரை காய்ச்சியதை விட்டு எங்கேயும் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இப்போது அவர் ஒரு பாட்டில் வெந்நீர் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம்தான் போகிறார். அது தொட்டி வரை வரும். கொல்லையின் பாதி வரை வரும்.

ஊரில் அந்த மழைக்கு வாந்திபேதி வரவில்லை. குழாயடியில் காலையில் கூட்டம் இருக்கிறது. மோட்டார் அறைக் கதவைச் சின்னராஜ் இப்போது திறந்தே வைத்திருக்கிறார், சாத்திக்கொள்ள வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தண்ணீரைக் குடித்தும் அவருக்கு எதுவும் ஆகவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி மாத்திரை என்றோ நர்சம்மா சொன்னார் என்றோ அவர் சொல்ல முடியாது.

மழை விட்ட ஒரு காலையில் அருணா முதல் ஆளாகக் குடம் வைத்தாள். குழந்தை அவள் பக்கத்தில் நின்று குழாயைத் திறக்கப் பார்த்தது.

“நீ குடிச்சத என் கண்ணால பாத்தப்புறந்தான் சித்தப்பா எனுக்குத் தூக்கமே வந்துச்சி” என்றாள். “பொங்கலுக்கு முன்னாடி மறுபடி டேங்க் கழுவணும்ல?”

“ஆமாம்மா.”

“அப்பவும் மொதல்ல நீதான் குடிக்கணும்.”

“குடிக்கிறேன்” என்றார் சின்னராஜ். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போய் வால்வைத் திறந்தார்.